வாசகர் கேள்வி - பதில்: எழும்பூர் அருங்காட்சியகத்தின் வயது என்ன?

கேள்வி: சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது என்கிறார்கள். அங்குள்ள செந்நிறக் கட்டடமோ 1909இல் திறக்கப்பட்டதாகப் படித்தேன். எது சரி? கோபுரங்கள் நிறைந்த நம் நாட்டில் அக்கட்டடத்துக்கு முகலாய வாயில் எப்படி வந்தது?

பதில்: இரண்டு ஆண்டுகளும் சரியே; முன்னது நிறுவனத்துக்குரியது, பின்னது வளாகத்திலுள்ள ஒரு கட்டடத்துக்குரியது. மெட்ராஸ் இலக்கியச் சங்கம் 1846இல் முன்வைத்த கோரிக்கையை ஏற்று, ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒப்புதலைப் பெற, மருத்துவர் எட்வர்ட் பால்ஃபரின் பொறுப்பில் 1851இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அப்போது அது இருந்த இடம் எழும்பூர் அன்று. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில், சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளே அதன் முதல் செல்வம். ஐரோப்பியர்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் கூடிய எழும்பூர் பாந்தியன் மாளிகைக்கு அது 1854இல் குடிபெயர்ந்தது. பால்ஃபர் அங்கே வளர்த்த விலங்குகளிலிருந்துதான் சென்னையின் உயிரியல் பூங்காவும் பிறந்தது. பூங்காவை 'உயிர் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வது பழைய சென்னைவாசிகளின் வழக்கம்.

நீங்கள் குறிப்பிடும் செந்நிறக் கட்டடம் விக்டோரியா நினைவு மண்டபம். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் 1906இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். நடுவே ஓங்கி நிற்கும் வளைவு வாயில், ஃபதேபூர் சிக்ரியில் முகலாயப் பேரரசர் அக்பர் கட்டிய புலந்த் தர்வாசா என்ற பெருவாயிலை நினைவூட்டும்படி எழுப்பப்பட்டது. உச்சியில் சிறு குவிமாட மண்டபங்கள், சுவர்களில் கல்லைத் துளைத்துச் செதுக்கிய பலகணிகள் என எல்லாமே முகலாய மரபின் கூறுகள். முகலாயருக்குப் பின் தாங்களே இந்நாட்டின் பேரரசர்கள் என்று காட்ட விரும்பிய ஆங்கிலேயருக்கு, முகலாயக் கூறுகளையும் ஐரோப்பியக் கட்டட முறையையும் கலந்த இந்தோ-சரசெனிக் பாணி மிகவும் உகந்ததாக இருந்தது. நம் சிற்பிகளின் கோயில் மரபுக்கு இந்த வாயிலில் இடம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தமே. ஆயினும் கல்வேலையின் நேர்த்தியில் குறை காண முடியாது.

அதே இர்வின் வடிவமைத்து 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தின் பழைய கூடமும் அருகிலேயே உள்ளது. வண்ணக் கண்ணாடி பதித்த விதானமும் செதுக்கு வேலைப்பாடுள்ள தேக்கு அலமாரிகளும் கொண்டது அக்கூடம். அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்துக்கு விரையும் முன் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இர்வினின் திறம் அப்போதுதான் விளங்கும்.