மரபணு திருத்திய பயிர்: சட்டம் எதைப் பார்க்கிறது? கேள்வி பதில்

கேள்வி: மரபணு மாற்றமும் திருத்தமும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. மாற்றத்தில் வெளி மரபணு செடியிலேயே தங்கும். திருத்தத்தில், 20 எழுத்து வழிகாட்டி ஆர்என்ஏ காட்டும் இடத்தில் கேஸ்9 நொதி டிஎன்ஏவை வெட்டுகிறது. செல் அதை ஒட்டும்போது ஓரிரு எழுத்து பிசகி, மரபணு செயலிழக்கும். இது எஸ்டிஎன்-1 (எஸ்டிஎன் என்றால் குறித்த இடத்தில் வெட்டும் நொதி). ஒட்டுவதற்கு மாதிரி டிஎன்ஏ கொடுத்துச் சில எழுத்துகளை மாற்றினால் எஸ்டிஎன்-2, முழு மரபணுவைச் செருகினால் எஸ்டிஎன்-3. வழக்கெல்லாம் முதல் இரண்டைப் பற்றித்தான்.

கேள்வி: வேலை முடிந்தபின் கேஸ்9 மரபணு செடியில் இருக்காதா?

பதில்: இருக்கும். நொதியைச் செடிக்குள்ளேயே தயாரிக்கத்தான் அந்த மரபணுவைச் செருகுகிறோம், வேலை முடிந்ததும் கழித்தாக வேண்டும். மரபணுவைச் செடிக்குள் கொண்டுசெல்லும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா அதை ஒரே இடத்தில் செருகியிருந்தால், தன்மகரந்தச் சேர்க்கைக்குப் பின் நாலில் ஒரு நாற்றில் அது இராது. திருத்தமும் ஒற்றைப் பிரதியில், வேறு குரோமோசோமில் இருந்தால், கேஸ்9 இல்லாமல் திருத்தம் இரு பிரதியிலும் அமைந்த நாற்று 16-க்கு ஒன்று. ஒன்றாவது கிடைக்கும் என்று 95 சதவீதம் நம்ப, 47 நாற்றுகளைச் சோதிக்க வேண்டும். இருபதோடு நிறுத்தினால் நாலில் ஒரு தடவைக்குச் சற்று மேலாகவே வெறுங்கைதான். கேஸ்9-க்கு மட்டும் பிசிஆர் (குறித்த டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) பார்ப்பதும் போதாது, மரபணுவைச் சுமந்துவந்த பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தின் துண்டு வேறெங்காவது ஒட்டியிருக்கலாம். திருத்திய கொம்பில்லா மாடுகளில் 2019-இல் அப்படித்தான் பிடிபட்டது. முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்திப் பாருங்கள்.

கேள்வி: வாழைக்கும் இதே வழியா?

பதில்: விதையில்லா வாழையில் பிரித்தெடுக்க அடுத்த தலைமுறையே கிடையாது. உருளைக்கிழங்கைத் தற்சேர்க்கை செய்தால் ரகம் கலைந்துவிடும். சுவர் நீக்கிய செல்லுக்குள் கேஸ்9 புரதத்தையும் ஆர்என்ஏவையும் நேரே செலுத்தலாம், சில நாளில் அவை சிதைந்துவிடும். அந்தச் செல்லை முழுச் செடியாக்குவதுதான் பெரும்பாடு. ஆக, 'வெளி டிஎன்ஏ கூடாது' என்ற சட்டத்தின் ஒற்றை வரி நெல்லுக்குச் சுலபம், வாழைக்கு மலை.

கேள்வி: நாட்டுக்கு நாடு ஏன் இத்தனை வேறுபாடு?

பதில்: சிலர் விளைபொருளைப் பார்க்கிறார்கள், சிலர் செய்முறையை. அர்ஜென்டினா 2015-இலேயே முன்னாலோசனை முறை வைத்தது. வடிவமைப்புக் கட்டத்திலேயே கேட்டுவிடலாம். சிறு நிறுவனத்துக்கு இதுதான் உயிர், பணத்தை இறக்குமுன் பதில் தெரிந்துவிடும். ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலை 25 அன்று எதிர்த்திசையில் தீர்ப்பளித்தது. காமா கதிரால் நேர்ந்த எழுத்து இழப்புக்கு விலக்கு, அதே இழப்பு கேஸ்9-ஆல் நேர்ந்தால் முழுச் சோதனை! இரண்டையும் ஆய்வகத்தில் பிரித்தறிய முடியாது என்பதுதான் வேடிக்கை. இந்தியா 2022 மார்ச் 30 அன்று, வெளி டிஎன்ஏ இல்லாத எஸ்டிஎன்-1, 2 செடிகளுக்கு மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989 விதிகளின் 7 முதல் 11 வரையிலானவற்றிலிருந்து விலக்களித்தது.

கேள்வி: விலக்கு கிடைத்தால் உடனே விதை விற்கலாமா?

பதில்: முடியாது. ரகச் சோதனை பாக்கி, கிரிஸ்பர் (இந்தக் கேஸ்9 வெட்டும் முறை) காப்புரிமை உரிமமும் பாக்கி. ஆய்வுக்கு அனுமதி இருப்பது விற்பனைக்குச் செல்லாது. உரிமப் பேச்சை ரகம் தயாரானபின் தொடங்காதீர்கள்.