கறிவேப்பிலைப் புழு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

மணலிக்குப் பக்கத்தில் மாத்தூரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, இரண்டு கறிவேப்பிலை, செம்பருத்தி. லாக்டவுன் சமயத்தில்தான் எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம் வந்தது. கறிவேப்பிலைக்குள் ஒரு குட்டிப் பறவை, முதுகு பச்சை, நெற்றி துரு நிறம், வாலைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் கத்துகிறது. அதன் பெயர் என்ன? படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்? குருவிக்குக் கூட்டுப் பெட்டி மாட்டி, கம்பும் போட்டேன். வரவில்லை. செல்போன் டவர்தான் காரணமா? மாமியார் சொன்னார் என்று கறிவேப்பிலைப் புழுவுக்கெல்லாம் வேப்பெண்ணெய் அடித்து, செடியைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். ஆனால் முன்பு வந்த வண்ணத்துப்பூச்சிகளைக்கூட இப்போது காணோம். பையனைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் எங்கே போகலாம்?

ச.

அன்புள்ள ச.,

அது தையல்சிட்டு. அகலமான இலையின் ஓரங்களை அலகால் குத்தி, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து இழுத்து மூட்டி, உள்ளே கூடு கட்டும். கைப்பிடிக்குள் அடங்குகிற உடம்பு, தெரு முனைவரை கேட்கிற குரல்.

லென்ஸ் இப்போது வேண்டாம். கையில் காசு இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று வாங்குங்கள், போதும். டவர் பேச்சை விடுங்கள். குருவி குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் டவருக்கு என்ன குறைச்சல்? அங்கே மளிகைக்கடை வாசல்களில் இன்றைக்கும் குருவியைப் பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்டது வேறு இடத்தில். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ‘புழுவுக்கெல்லாம் வேப்பெண்ணெய் அடித்து’ என்று. அடுத்த வரியிலேயே வண்ணத்துப்பூச்சியைக் காணோம் என்கிறீர்கள். என்னம்மா இது? நீங்கள் மருந்தடித்ததே அந்த வண்ணத்துப்பூச்சிக்குத்தானே!

போன வாரம்தான் ஒரு நர்சரியில் இதற்காகச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். கறிவேப்பிலைக் கன்று கேட்டால் கூடவே ஒரு ஸ்ப்ரே பாட்டிலையும் எடுத்து வைக்கிறார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது. கொஞ்சம் உங்கள்மேலும் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை அழகி என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. கறுப்பு இறக்கை, ஆணுக்குப் பின்னிறக்கையில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். நம் ஊரில் சாதாரணமாகப் பறப்பது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை என்று அந்தக் குடும்பத்துச் செடிகளில்தான் முட்டையிடும். துளிர் இலையில் தனித்தனியாக, கடுகைவிடச் சின்னதாக, வெளிர்மஞ்சளாக ஒரு முட்டை. வெளியே வரும் புழு முதலில் பார்க்க அசல் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பழுப்பும் வெள்ளையுமாக. பறவை எச்சத்தைக் கொத்தாதில்லையா? அதுதான் அதற்குக் காவல். பெரிதானதும் தோலுரித்து இலைப்பச்சைக்கு மாறிவிடும்.

காலடிப்பேட்டையில் எங்கள் ஆயா வீட்டுக் கிணற்றடியில் ஒரு நாரத்தை இருந்தது. பச்சைப் புழுவின் தலைக்குப் பின்னால் ஆயா ஓர் ஈர்க்குச்சியால் லேசாகத் தொடும். உடனே புழு முன்னுடம்பைத் தூக்கும், தலைக்கு மேலே சிவப்பாக, ஈரமாக, இரண்டு கவட்டை நாக்கு போல ஒன்று பிதுங்கி வரும். அழுகின நாரத்தம்பழ வாசனை குப்பென்று அடிக்கும். ஒரு நிமிஷத்தில் அந்தக் கவட்டை உள்ளே போய்விடும், போன இடமே தெரியாது. “பாத்தியா, கோவிச்சுக்கிச்சு” என்று சொல்லிவிட்டு ஆயா அடுத்த வேலைக்குப் போய்விடும். கானாங்கெளுத்திக் குழம்புக்குக் கறிவேப்பிலை கிள்ளும்போது ஒவ்வொரு ஈர்க்கையும் திருப்பிப் பார்த்து, புழு இருப்பதை விட்டுவிட்டு அடுத்ததைக் கிள்ளும். ஏன் ஆயா என்றால், “அதுவும் இந்த வூட்லதான் பொறந்துச்சு” என்று சொல்லும். பள்ளிக்கூடம் போகாத மனுஷி. பூச்சியியல் படித்த பலரிடம் நான் பார்க்காத பொறுமை அதனிடம் இருந்தது.

சரி, உங்கள் தையல்சிட்டுக்கு வருகிறேன். அது நாளெல்லாம் கறிவேப்பிலைக்குள் எதற்காகச் சுற்றுகிறது என்று யோசித்தீர்களா? புழு தேடித்தான். பூச்சியும் புழுவும் சிலந்தியும்தான் அதற்குச் சாப்பாடு. நீங்கள் அதன் பெயரைக் கேட்கிறீர்கள், அதன் சாப்பாட்டுக்கு மருந்தடிக்கிறீர்கள். குருவி விஷயமும் இதுதான். பெரிய குருவி கம்பு தின்னும், அரிசி தின்னும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும் வேண்டும், தானியம் மட்டும் போட்டு அதை வளர்க்க முடியாது. செம்பருத்தியில் தேன் குடிக்கிற தேன்சிட்டுகூட, குஞ்சுக்குச் சிலந்தியையும் சின்னப் பூச்சியையும்தான் கொண்டுபோய் ஊட்டுகிறது. மார்ச் 20 குருவிகள் தினம் என்று ஊரெல்லாம் பெட்டி மாட்டுகிறோம். மாட்டுகிற கை அன்று மாலையே செடிக்கு மருந்து அடிக்கிறது. பூச்சியில்லாத தோட்டத்தில் எந்தத் தாய்க்குருவி வந்து குடியேறும்?

வேப்பெண்ணெய் விஷமில்லையே, இயற்கைதானே என்பீர்கள். செடிக்கு அடிக்கிற அளவில் நமக்குப் பெரிய கெடுதல் இல்லாமல் இருக்கலாம். புழுவுக்கு விஷம்தான். அதன் பசியைக் கெடுக்கும், தோலுரிக்கவிடாமல் செய்யும். அதற்காகத்தான் நீங்களே அடிக்கிறீர்கள். இயற்கை என்று பாட்டிலில் எழுதிவிட்டால் செத்த புழு எழுந்து வராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம். கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயோடு நின்றதைப் பார்த்து உங்களைப் போலத்தான் நானும் அழுதேன். மீனவர்கள் படகில் போய்க் கையால் அள்ளினார்கள். அந்தக் கோபம் நியாயம், அதை விடக்கூடாது. ஆலைகள் கெடுத்த மணலிக் காற்றையும் கொசஸ்தலை ஆற்றையும் திருப்பிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் பல பேருடைய கையெழுத்து வேண்டும். உங்கள் கறிவேப்பிலைக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். நாற்புறமும் கெட்டுக் கிடக்கிற இடத்தில் ஒரு பூச்சிக்கு மிச்சமிருப்பது உங்கள் கொல்லை மாதிரியான நாலு செடிதான். அதையும் துடைத்து வைத்தால் அது எங்கே போகும், சொல்லுங்கள்.

மாமியாரிடம் பக்குவமாகப் பேசுங்கள். புழு தின்றால் கறிவேப்பிலை செத்துப்போகாது, துளிர் மறுபடி வரும். ஒரே செடியில் அதிகமாக இருந்தால் இலையோடு கிள்ளி இன்னொரு கறிவேப்பிலையில் வைத்துவிடுங்கள். சமையலுக்குப் புழு இல்லாத ஈர்க்காகப் பார்த்துக் கிள்ளிக்கொள்ளலாம். முட்டையிலிருந்து இறக்கை வரைக்கும் சுமார் ஒரு மாதம், அவ்வளவுதான். காலி மனைகளில் எருக்கு இருந்தால் அதையும் யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும்.

அப்புறம், பையனுக்கு. பக்கத்தில் மாதவரம் ஏரி, ரெட்டேரி இரண்டிலும் நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி எல்லாம் பார்க்கலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015-லிருந்து. மொட்டை மாடியில் பதினைந்து நிமிஷம் நின்று பார்த்ததைப் பட்டியல் போட்டு அனுப்பினாலே போதும், அவனையே எழுதச் சொல்லுங்கள். பூநாரை பார்க்கவேண்டும் என்றால் குளிர்காலத்தில் பழவேற்காடு போங்கள். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் அங்கே வெயிலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

அன்புடன்,
அக்கா