சினிமா போட்டால் பாடம் ஏறுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன் சார். சினிமாக் காட்சி, மீம்ஸ், கார்ட்டூன் என்று தேடித் தேடிக் காட்டுகிறேன். வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கிறது. விடைத்தாளைத் திருத்தினால் ஒன்றும் தேறவில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர், "நீங்க டீச்சரா, தியேட்டர் ஆபரேட்டரா?" என்று கேட்டே விட்டார். நிறுத்திவிடட்டுமா?
– இளம் ஆசிரியை ஒருவர்

பதில்: நிறுத்த வேண்டாம் டீச்சர். அந்த மூத்தவரைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது.

என் கதையைக் கேளுங்கள். வகுப்புக்கு முதன்முதலாக புரொஜெக்டர் வந்த வருடம், உயரத்திலிருந்து விழும் கதாநாயகியைக் கதாநாயகன் இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ளும் காட்சி ஒன்றைப் போட்டேன். விசில் பறந்தது. விளக்கைப் போட்டுவிட்டுப் புவியீர்ப்புப் பாடத்தைத் தொடங்கினேன். அடுத்த வாரம், "அன்றைக்கு என்ன பார்த்தோம்?" என்றேன். கதாநாயகியின் உடை என்ன நிறம் என்று சொன்னார்கள். பின்னணி இசையை மேசையில் தட்டியே காட்டினான் ஒருவன். முடுக்கம் என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. மிட்டாயைத் தின்றுவிட்டு மருந்தைத் துப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான், மிட்டாயையும் மருந்தையும் தனித்தனியாகக் கொடுத்தவன் நான்.

மறு வருடம் அதே காட்சியை, அவன் கை அவள்மேல் படுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தினேன். "பிழைப்பாளா? நோட்டில் எழுதுங்கள்." எல்லோரும் 'பிழைப்பாள்' என்றே எழுதினார்கள். சரி, கணக்குப் போடுவோம் என்றேன். 3 விநாடி விழுகிறாள். காற்றுத் தடையை விட்டுவிட்டால் வேகம் விநாடிக்கு 29.4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 106 கிலோமீட்டர். அவன் கை அரை மீட்டர் தாழ்வதற்குள் அவள் நின்றாக வேண்டும். அப்படியானால் வேகம் குறைகிற வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 88 மடங்கு! வகுப்பில் சத்தமே இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்ப அவன் கைக்கும் தரைக்கும் என்ன சார் வித்தியாசம்?"

அன்றைக்கு நான் நடத்த நினைத்த பாடமே அதுதான். அப்புறம் ஒரு பெண் எழுந்து, "அவனும் கூடவே கீழே போய், பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தால்?" என்றாள். 5 மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் 88 என்பது 9 ஆகிவிடும். பந்து பிடிப்பவர் கையைப் பின்னால் இழுப்பதும், காரில் காற்றுப்பை விரிவதும் எதற்கு என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. (1973-இல் வந்த ஸ்பைடர்மேன் காமிக்ஸ் ஒன்றில், பாலத்திலிருந்து விழும் காதலியை அவன் வலை வீசிச் சட்டென்று நிறுத்துவான். அவள் கழுத்து முறிந்துவிடும். நியூட்டனுக்குக் கட்டுப்பட்ட அபூர்வமான சூப்பர் ஹீரோ கதை!)

யூடியூபில் அறிவியல் வீடியோக்கள் செய்கிற டெரெக் முல்லர், 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார். நேராக, தெளிவாக விளக்குகிற வீடியோவைப் பார்த்த மாணவர்கள் 'நன்றாகப் புரிந்தது' என்றார்கள். மதிப்பெண் அவ்வளவாக ஏறவில்லை. பொதுவாக நாம் நினைக்கும் தவறான கருத்தை முதலில் பேசவிட்டு, பிறகு அதை உடைக்கிற வீடியோவைப் பார்த்தவர்கள் 'குழப்பமாக இருந்தது' என்றார்கள். மதிப்பெண் ஏறியது அவர்களுக்குத்தான். ஆகவே கலகலப்பை நம்பாதீர்கள் டீச்சர், நெற்றி சுருங்குகிறதா என்று பாருங்கள்.

காட்சி அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் தடவை ஒலியை அணைத்துவிடுங்கள், இசை பாதிக் கவனத்தைத் தின்றுவிடும். முடிவுக்கு முன்னால் நிறுத்தி எழுதச் சொல்லுங்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களிலிருந்து செய்துவருவது ஏறக்குறைய இதைத்தான். யார் எந்த விடையைச் சொல்கிறார்கள் என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை, விடைக்கு ஒரு நிறம் என்று நான்கு நிற அட்டைகளைத் தூக்கிக் காட்டச் சொல்லியே நான் சமாளித்தேன். மீம்ஸை நீங்கள் தேடி அலையாதீர்கள். பாடத்தில் வருகிற ஒரு தவறான கருத்தைக் கிண்டல் செய்து அவர்களையே போடச் சொல்லுங்கள். தப்பு எங்கே என்று தெரியாதவனால் அதைக் கிண்டல் செய்ய முடியாது.

கேள்வி: ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டதே, இனிப் பாடப்புத்தகம் எதற்கு?

பதில்: 1913-இல் தாமஸ் எடிசனும் இதையே சொன்னார். சலனப்படம் வந்துவிட்டது, பள்ளியில் புத்தகம் சீக்கிரமே வழக்கொழிந்துவிடும் என்றார். புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: மாணவர்கள் பேசுகிற நடிகர், கேம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளலாமா?

பதில்: ஐந்தே நிமிடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டியிருக்கிறேன். "எனக்குத் தெரியாது, விளக்கு" என்று சொல்லிப் பாருங்கள். வாயே திறக்காத பையன் கரும்பலகை வரை வந்து படம் போட்டுக் காட்டுவான்.

கேள்வி: வீட்டுப்பாடத்தை சாட்ஜிபிடியிடம் கேட்டு அப்படியே எழுதி வருகிறார்கள். எப்படித் தடுப்பது?

பதில்: வீட்டில் போய் நம்மால் தடுக்க முடியாது. அது தப்பான விடையையும் சரியானதைச் சொல்கிற அதே தோரணையில் சொல்லும். அதனால் அதன் விடையை நீங்களே அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோங்கள். சிவப்புப் பேனாவைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, பத்துக்கு எத்தனை என்று போடச் சொல்லுங்கள், ஏன் என்று ஓரத்தில் எழுதவும் சொல்லுங்கள். நம்மிடம் வாங்கிய குறைந்த மார்க்குக்கெல்லாம் சேர்த்து அதன்மேல் பழி தீர்த்துக்கொள்வார்கள். என் வகுப்பில் அரை மார்க்குக்குக்கூட இரக்கம் காட்டவில்லை.