கைடு ஓய்வு பெற்றுவிட்டார், கோப்பு நகரவில்லை: யாரிடம் போவது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். 2023 ஜனவரியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்க வேண்டிய நேரத்தில் என் கைடு (ஆய்வு நெறியாளர்) ஓய்வு பெற்றுவிட்டார். வேறு கைடு ஏற்பாடு செய்து தரும்படி விண்ணப்பித்து மாதங்கள் ஆகின்றன. கேட்டால், ‘கோப்பு செக்‌ஷனில் இருக்கிறது’ என்கிறார்கள். உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு மனு அனுப்பினேன். அது பதிவாளருக்கே ‘மேல்நடவடிக்கைக்காக’ அனுப்பப்பட்டிருப்பதாக எனக்கு நகல் வந்தது. துறைக்குப் பல்கலைக்கழகத்தின் மேல் அதிகாரமே இல்லையா? யுஜிசிக்கு (பல்கலைக்கழக மானியக் குழு) எழுதவா, கோர்ட்டுக்குப் போகவா?

பதில்: உங்களுக்கு வந்த அந்த நகலைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். துறையால் செய்ய முடிந்ததைத்தான் செய்திருக்கிறார்கள். கைடு நியமனம், சினாப்சிஸ், வைவா (வாய்மொழித் தேர்வு) எல்லாம் பல்கலைக்கழகம் எடுக்க வேண்டிய முடிவுகள். அவற்றில் ‘இன்னாரைக் கைடாகப் போடுங்கள்’ என்று தலைமைச் செயலகத்திலிருந்து உத்தரவு வராது, வரவும் கூடாது.

அப்படியானால் துறைக்கு என்னதான் வேலை? பல்கலைக்கழகத்தை நிறுவுவது மாநிலச் சட்டம். நிதி கொடுப்பது மாநில அரசு. புதிய பணியிடம் வேண்டுமென்றால் அரசு ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் உயர்கல்விச் செயலாளர் பதவி வழி உறுப்பினர். கணக்குகளை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. பணம், பணியிடம், சிண்டிகேட், தணிக்கை என்று இந்த நான்கு கயிறுகளை வைத்துத்தான் துறை பல்கலைக்கழகத்தைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் பெரிய விஷயங்கள் அசையும். உங்கள் ஒற்றைக் கோப்பு அசையாது.

கல்லூரிகளின் கதை வேறு. அரசு கல்லூரியும் உதவிபெறும் கல்லூரியும் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. சம்பளம், பணி மூப்பு, இடமாற்றம் என்றால் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போகலாம். சுயநிதிக் கல்லூரியில் இருக்கும் உங்களுக்கு அந்த அலுவலகத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் வழி தவறுகிறார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் எல்லா அரசுப் பல்கலைக்கழகமும் உயர்கல்வித் துறையின் கீழ் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வேளாண் துறையோடு சேர்ந்தது, மருத்துவப் பல்கலைக்கழகம் மக்கள் நல்வாழ்வுத் துறையோடு, சட்டப் பல்கலைக்கழகம் சட்டத் துறையோடு. அங்கே படிப்பவர் உயர்கல்விச் செயலாளருக்கு மனு போட்டால், அது துறை விட்டுத் துறை சுற்றிவிட்டு வரும்.

சரி, யுஜிசி? உயர்கல்வி, ஆராய்ச்சி இவற்றின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் ஒன்றிய அரசின் பட்டியலில் வைத்திருக்கிறது. 1956 யுஜிசி சட்டம் அந்த வழியில் வந்தது. பிஎச்.டி.க்கான விதிகளை வகுப்பது யுஜிசி, அதன்படி நடக்க வேண்டியது பல்கலைக்கழகம். உங்களுக்குப் பொருந்துவது 2022 நவம்பரில் வந்த விதிமுறை. நீங்கள் அதற்குப் பிறகு பதிவு செய்ததால் குழப்பமில்லை. அதற்கு முன்பே பதிவு செய்தவர்களுக்குப் பதிவுத் தேதியைப் பொறுத்து 2009 அல்லது 2016 விதிமுறைதான். ‘ஆய்வுக் கட்டுரை வெளியிடும் கட்டாயம் போய்விட்டதாமே’ என்று அவர்களில் சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தச் சலுகை 2022 விதிமுறைக்காரர்களுக்கு மட்டும். அதிலும், பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் கட்டுரை கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் பிரச்சினைக்கு அந்த விதிமுறையிலேயே பதில் இருக்கிறது. ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக ஆய்வாளரை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே எடுத்தவர்களை ஓய்வு பெறும்வரை வழிநடத்தலாம். ஓய்வுக்குப் பிறகு 70 வயதுவரை இணை நெறியாளராகத் தொடரலாம். ஆக, உங்கள் கைடு முழுவதுமாக விலக வேண்டியதில்லை. முதன்மை நெறியாளர் ஒருவர் புதிதாக வேண்டும், அவ்வளவுதான். அவர் பணியில் இருக்கும் நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும், அவரிடம் இடமும் இருக்க வேண்டும். பேராசிரியர் என்றால் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 என்பது உச்ச வரம்பு.

நான் பார்த்தவரை இப்படிப்பட்ட கோப்புகள் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: விண்ணப்பத்தில் ‘தக்க நெறியாளரை நியமித்துத் தரவும்’ என்று மட்டும் இருக்கும். செக்‌ஷனில் இருக்கும் எழுத்தர் யாரைப் போடுவார்? பல்கலைக்கழகத்தில் உங்கள் பாடத்தின் துறைத் தலைவருக்கு எழுதுவார், துறைத் தலைவர் ஆசிரியர்களைக் கேட்பார், யாரும் பதில் சொல்லமாட்டார்கள், கோப்பு கட்டி வைக்கப்படும். ஆகவே ஆளை நீங்களே பிடியுங்கள். உங்கள் தலைப்புக்கு நெருக்கமான பாடத்தில் இடம் காலியாக இருக்கும் ஒருவரை நேரில் பார்த்துப் பேசி, சம்மதக் கடிதம் வாங்குங்கள். பழைய கைடிடமும் இணை நெறியாளராகத் தொடர ஒரு கடிதம். உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டோரல் கமிட்டியின் கடைசிக் கூட்டக் குறிப்பு. மூன்றையும் இணைத்துப் பதிவாளருக்குப் புதிதாக ஒரு மனு கொடுங்கள்.

மனுவின் ‘பார்வை’ பகுதியில் உங்கள் பதிவு எண், முதல் விண்ணப்பத்தின் தேதி, உயர்கல்வித் துறையிலிருந்து வந்த நகலின் ந.க. எண் (கடித எண்), மூன்றையும் போடுங்கள். துறைக்கு அனுப்பிய மனு இப்போதுதான் பயன்படும்: அந்த எண்ணைக் குறிப்பிட்டுவிட்டால், பதிவாளர் அலுவலகம் துறைக்குப் பதில் சொல்ல வேண்டிய கடிதம் ஒன்று நிலுவையில் இருப்பது கோப்பிலேயே தெரியும். கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: இன்னாரை நெறியாளராகவும் இன்னாரை இணை நெறியாளராகவும் நியமிக்க வேண்டும். மன உளைச்சல், குடும்பச் சூழ்நிலை எல்லாம் எழுத வேண்டாம். படிப்பவர் இரண்டாம் பத்தியைத் தாண்டமாட்டார். தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழு. 2023இல் வந்த யுஜிசி விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இது இருக்க வேண்டும். ஆய்வாளரும் மாணவர்தான், தயங்க வேண்டாம். புகார் வந்த 15 வேலைநாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ ஓய்வுபெற்ற பேராசிரியரோ முன்னாள் மாவட்ட நீதிபதியோதான் அந்தப் பதவியில் இருப்பார். அவருக்கு 30 நாள் கெடு. குழுவைத் தாண்டி நேராக அவரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார், வரிசையை மாற்றாதீர்கள்.

யுஜிசிக்கு எழுதுவது இதற்கும் பிறகு. அவர்களிடம் இ-சமாதான் என்ற இணையதளம் இருக்கிறது. ஆனால் முதல் படிகளைத் தாண்டாமல் அங்கே போட்டால் அந்தப் புகாரும் பதிவாளர் மேசைக்குத்தான் வந்து சேரும், டெல்லியைச் சுற்றிக்கொண்டு. குறைதீர்ப்பாளரே நியமிக்கப்படவில்லை, அல்லது அவர் சொன்னதைப் பல்கலைக்கழகம் மதிக்கவில்லை என்றால் எழுதலாம். அப்போதும் மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், நடவடிக்கை எடுக்கும்படி மாநில அரசுக்குப் பரிந்துரைப்பது யுஜிசியிடம் இருக்கும் வழிகளில் ஒன்று. அந்த இடத்தில்தான் உயர்கல்வித் துறை உங்கள் கதைக்குள் மறுபடி வரும்.

இதற்கிடையே பத்து ரூபாய் செலவில் ஒரு வேலை செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. ‘ஏன் தாமதம்?’ என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று பதில் வரும். என் விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது, அதன் கோப்பு எண் என்ன, எந்தெந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது, குறிப்புப் பக்கங்களின் நகல் தரவும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல சமயம் பதிலுக்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடுகிறது, ஏனென்றால் பதில் எழுத யாராவது அதைத் திறந்தாக வேண்டுமே!

கோர்ட்டைக் கடைசியில் வையுங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். இது போன்ற மனுவில் பெரும்பாலும் ‘மனுதாரரின் விண்ணப்பத்தை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்’ என்றுதான் உத்தரவு வரும். அப்போதும் விண்ணப்பம் சரியாக இருந்தால்தான் முடிவு உங்கள் பக்கம் வரும்.

காலம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஆறு ஆண்டு வரம்பு, மறுபதிவில் மேலும் இரண்டு, பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு என்று மொத்தம் பத்து ஆண்டுவரை விதி இடம் தருகிறது. ஆய்வேடு சமர்ப்பித்தபின் மதிப்பீடு, வைவா, முடிவு எல்லாம் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்றும் அதே விதிமுறை சொல்கிறது. இது மட்டும் நினைவில் இருக்கட்டும்: கைடு இல்லை என்பதற்காக ஆண்டுக் கட்டணத்தையும் பருவந்தோறும் தர வேண்டிய முன்னேற்ற அறிக்கையையும் நிறுத்திவிடாதீர்கள். அறிக்கையைத் துறைத் தலைவர் வழியாக அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். பதிவு காலாவதி ஆகிவிட்டால் மேலே சொன்ன எந்தக் கதவையும் தட்ட முடியாது.