ஊதாரியும் ஒழுக்கம் கெட்டவனும்

அன்புள்ள ஐயா,

ப்ராடிகல், ப்ராஃப்ளிகேட், ஸ்பெண்ட்த்ரிஃப்ட், எக்ஸ்ட்ராவகன்ட், டிஸல்யூட் ஆகிய ஐந்து ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியில் ஏறத்தாழ ‘ஊதாரி’ என்ற பொருளையே காண்கிறேன். மொழிபெயர்க்கும்போது எல்லாவற்றுக்கும் அதையே எழுதினால் போதுமா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள வாசகருக்கு,

போதாது. டிஸல்யூட் பணத்தைப் பற்றிய சொல்லே அல்ல. குடியிலும் காமத்திலும் கட்டவிழ்ந்து வாழ்பவன் தன் கைக்காசில் ஒன்றைக்கூடச் செலவழிக்காவிட்டாலும் அவனுக்கு அது பொருந்தும். ஸ்பெண்ட்த்ரிஃப்ட் என்பது கையில் காசு தங்காத ஆளைக் குறிக்குமே தவிர, அவனுடைய ஒழுக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. எக்ஸ்ட்ராவகன்ட் ஒரு செயலையோ பொருளையோகூடச் சுட்டும் என்பதால், சிக்கனமானவர் அளிக்கும் ஒரு விருந்தையும் அப்படிச் சொல்லலாம்.

குழப்பம் மற்ற இரண்டில்தான். ப்ராஃப்ளிகேட், ‘அடித்து வீழ்த்துதல்’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்து, ஒழுக்கத்தில் வீழ்ந்தவனைக் குறித்து, பிறகே பணத்தை வாரியிறைப்பவனையும் குறிக்கலாயிற்று. ஓர் அரசின் செலவை அச்சொல்லால் கண்டிக்கும்போது, தொகை பெரிது என்பதைவிடப் பொறுப்பின்மை என்ற குற்றச்சாட்டே அதில் உரக்கக் கேட்கிறது. ப்ராடிகலுக்கோ தாராளம் என்ற நல்ல சாயலும் உண்டு. வேதாகமத்தில் லூக்கா 15ஆம் அதிகாரத்துக் கதையில், தந்தையிடம் தன் பங்கை வாங்கிச் சென்று அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனுக்கு அப்பெயர் வந்தது சொத்தை அழித்ததால்; வீடு திரும்பியவன் என்று பலர் அதற்குப் பொருள் கொள்வது பிழை. ‘துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி’ என்ற தமிழ் வேதாகமத் தொடர் அவனுடைய நடத்தையையே பழிக்கிறது. ஆனால் அவன் வேசிகளிடம் பணத்தை அழித்தான் என்பது 30ஆம் வசனத்தில் கோபம் கொண்ட மூத்தவனின் வாய்ச்சொல்லாக மட்டுமே வருகிறது. (அண்ணனுக்கு அது எப்படித் தெரிந்ததென்று கதை சொல்லவில்லை.)

இந்த மயக்கம் ஆங்கிலத்துக்கும் முந்தியது. லூக்காவின் கிரேக்க மூலத்தில் ‘துன்மார்க்கமாய்’ என்ற இடத்தில் வரும் சொல்லின் குடும்பத்தையே அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் 4ஆம் பகுதியில் ஆராய்ந்து, இன்பத்துக்காகச் செலவழிக்கும் அடக்கமற்றவர்களையும் மக்கள் இப்பெயரால் அழைக்கிறார்கள், ஆனால் உரிய பொருளில் அது தன் உடைமையை அழிப்பவனுக்கே உரியது என்று பிரித்துக்காட்டுகிறார். வயதும் வறுமையும் அவனைத் திருத்திவிடும் என்பதால் கஞ்சனைவிட அவன் மேல் என்றும் கருதுகிறார். அந்தப் பரிவு ப்ராடிகலில் இன்றும் ஒட்டியிருப்பதாகவே எனக்குப் படுகிறது, ப்ராஃப்ளிகேட்டில் அது துளியும் இல்லை.

ஆகவே ப்ராடிகலுக்கும் ஸ்பெண்ட்த்ரிஃப்டுக்கும் ‘ஊதாரி’யை வைத்துக்கொள்ளுங்கள். ப்ராஃப்ளிகேட் அரசைச் சுட்டினால் ‘பொறுப்பற்ற செலவு’ என்றும், பழைய நாவல்களில் தனிமனிதனைச் சுட்டினால் பெரும்பாலும் ‘ஒழுக்கம் கெட்டவன்’ என்றும் எழுதலாம்.