முடிவு ஒருவருடையது, கையொப்பம் இன்னொருவருடையது

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஏறத்தாழ 400 பேர் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையொன்றின் முகாமையாளர் நான். எமது மனிதவளப் பிரிவில் மூவர் இருந்தனர், ஒருவர் விலகிவிட்டார். எஞ்சிய இருவரில் மூத்தவர் 6 ஆண்டுகளாக எம்முடன் இருப்பவர். முன்பெல்லாம் தாமாகவே யோசனைகளோடு வருவார். இப்போது சொன்னதை மட்டும் செய்கிறார். சம்பளத்தைக் கூட்டினோம், பாசிக்குடாவுக்குச் சுற்றுலாவும் அழைத்துச் சென்றோம். இரண்டு மாதம் உற்சாகம் தெரிந்தது, பிறகு பழையபடியே. வேறு என்ன செய்யலாம்?

பதில்: சம்பளத்தைக் கூட்டியதில் தவறில்லை. ஆனால், சம்பளமும் வேலையிட வசதிகளும் குறைந்தால் அதிருப்தி எழும் என்பதையும், அவை நிறைவாக இருப்பதனால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது என்பதையும் அமெரிக்க உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பேர்க் 1959 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அவர் ஆராய்ந்தது பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும்தான் என்றாலும், நீங்கள் கண்ட இரண்டு மாத உற்சாகம் அவர் சொன்னதோடு ஒத்துப்போகிறது.

முதலில், அந்த உத்தியோகத்தரின் நேரம் எதில் செலவாகிறது என்பதை இரண்டு வாரங்களுக்கு அவரையே குறித்து வைக்கச் சொல்லுங்கள். வரவுப் பதிவு, லீவுக் கணக்கு, நியமனக் கடிதம் ஆகியவற்றோடு, சம்பளத்தில் ஊழியரின் 8 வீதம், தொழில்தருநரின் 12 வீதம் என ஊழியர் சேமலாப நிதிக்கும், 3 வீதம் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தி முடிக்கும் வேலையும் அவர் தலையில்தான் இருக்கும். இதில் ஒரு பிழை நேர்ந்தால் எல்லோரும் கேட்பார்கள். பிழையே இல்லாமல் பன்னிரண்டு மாதம் ஓடினால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். இந்த வேலையில் இயன்றதைக் கணினிக்கும் பயிலுநர் ஒருவருக்கும் மாற்றிவிடலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வணிக முகாமைத்துவ பீடம் இருப்பதால், பயிலுநரைத் தேடுவது பெரும்பாடாக இராது.

எனினும், மனதை உண்மையில் அரிப்பது இந்தக் கடதாசி வேலையன்று என்பது என் கணிப்பு. மேலதிக நேர வேலையை நிறுத்துவது உற்பத்திப் பிரிவின் முடிவாகவும், ஒருவரை எச்சரிப்பது மேற்பார்வையாளரின் முடிவாகவும் இருக்க, அறிவித்தலிலும் கடிதத்திலும் இருப்பது மனிதவள உத்தியோகத்தரின் கையொப்பம். கொழும்பில் இதே வேலையைச் செய்பவர் மாலையில் நகரத்துக்குள் மறைந்துவிடலாம். இங்கோ, காலையில் எச்சரிக்கைக் கடிதம் பெற்றவரும் அதைக் கொடுத்தவரும் மாலையில் குறுமண்வெளித் துறைக்குப் போகும் அதே ‘பாதை’யில், அதாவது ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவைப் படகில், அருகருகே நின்றுதான் வாவியைக் கடக்க வேண்டியிருக்கும்; வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கும் ஒரே வாசலில் நிற்பார்கள். தாம் எடுக்காத முடிவுக்காக ஊரில் முகம் சுளிக்கப்படுபவர், காலப்போக்கில் யோசனை சொல்வதை நிறுத்திவிடுவதில் வியப்பில்லை. ஆகவே, முடிவெடுத்தவரே நேரில் சொல்லி, அவரே கையொப்பமிட வேண்டும் என்று விதி செய்யுங்கள். நடைமுறை சட்டப்படி நடந்ததா, ஊழியரின் விளக்கம் கேட்கப்பட்டதா என்று பார்ப்பதே மனிதவளப் பிரிவின் பங்கு. இந்த ஒரு மாற்றம் மேற்பார்வையாளர்களுக்குப் பிடிக்காது. அதற்கு நீங்கள் தயாராக இருக்கவேண்டும்.

அடுத்தது, தொடக்கம் முதல் முடிவு வரை அவருடையதாக இருக்கும் ஒரு விடயத்தை ஒப்படைப்பது. தை, மாசி மாதங்களில் பெரும்போக வேளாண்மை வெட்டுத் தொடங்கியதும் உங்கள் தையல் வரிசைகளில் ஆள் குறையும் என்று நினைக்கிறேன். அந்தச் சிக்கலை அவரிடம் விட்டு, ஒரு தொகைப் பணத்தையும் ஒதுக்கி, லீவை முன்கூட்டியே பங்கிடுவதா, ஒரே குடும்பத்தார் மாறிமாறி வருவதா, குறுங்காலத்துக்கு ஆள் சேர்ப்பதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். இடையில் கை நுழைக்காதீர்கள். பங்குனியில் முன்னைய ஆண்டின் வரவோடு ஒப்பிட்டு, விளைவை அவரே முகாமைத்துவக் கூட்டத்தில் எடுத்துரைக்கட்டும். ஒரு வேலையை முழுமையாகச் செய்வதும், அதில் சுயமாகத் தீர்மானிப்பதும், பலனைக் கண்ணால் காண்பதும் ஊக்கத்தைத் தாங்கும் தூண்கள் என்று வேலை அமைப்பை ஆராய்ந்த ஹக்மனும் ஓல்ட்ஹாமும் 1970களில் வகுத்தது இதைத்தான். பாராட்டுச் சான்றிதழ் கொடுப்பதானால் கொடுங்கள். இதற்கு ஈடாகக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று உண்டு. எல்லோருடைய முறைப்பாடும் அவரிடம் வருகிறது. அவருடைய முறைப்பாடு, அதுவும் உங்களைப் பற்றியதாக இருந்தால், எங்கே போகும்? பணிப்பாளர்களில் ஒருவரை அதற்கென நியமியுங்கள். கேட்டதை வெளியே சொல்லமுடியாத தொழில் என்பதால் தனிமையும் கூடவே வரும். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து நிறுவனங்களில் இதே பதவியில் இருப்பவர்களை மாதம் ஒருமுறை சந்திக்க அரைநாள் விடுவித்தால், ஆட்களின் பெயர் சொல்லாமலேயே சிக்கல்களைப் பேசிக்கொள்வார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னர் ஒன்றைச் சரிபார்க்கவும். தூங்கி எழுந்தும் தீராத களைப்பு, ஊழியர்களைப் பற்றிப் பேசும்போது கசப்பு அல்லது அக்கறையின்மை, தம்மால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்து தெரிந்தால், அது வெறும் ஊக்கக் குறைவன்று. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், சரிவரக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவாக, நோய் என்றல்லாமல் தொழில்சார் நிலைமையாக, இது குறிக்கப்பட்டுள்ளது. அப்படியானால் புதிய பொறுப்பைக் கொடுப்பது சுமையைக் கூட்டுவதாகிவிடும். விலகியவரின் இடத்தை முதலில் நிரப்பி, தொலைபேசி அழைக்காத லீவு கொடுத்து, அதன் பின்னர் வெட்டுக்காலப் பொறுப்பைப் பற்றிப் பேசுங்கள்.

ஓர் அறுவடைக் காலம் கழிந்தும் மாற்றமில்லையெனில், இந்தப் பிரிவில் தொடர விருப்பமா என்று நேராகவே கேளுங்கள். அன்று காலியாக இருந்த ஒரே பதவி என்பதற்காக மனிதவளப் பிரிவுக்குள் வந்து, உள்ளூரக் கணக்கு வேலையையோ உற்பத்தித் திட்டமிடலையோ விரும்பியிருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். உங்களிடம் அத்தகைய இடம் இருந்தால், 6 ஆண்டு அனுபவமுள்ள ஒருவரை வெளியே விடுவதைவிட அங்கே மாற்றுவது உங்கள் தொழிற்சாலைக்கும் இலாபம்.