அப்பாவின் ஹெல்மெட் ஏன் இறுகுகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, ஓய்வுபெற்ற கண்டக்டர். மாஸ்டர் செக்கப்பில் ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பு, கல்லீரலிலிருந்து ரத்தத்தில் சேரும் ஒரு நொதி) 610 என்று மிக அதிகமாக வந்தது. எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன் எடுத்துவிட்டு, இடுப்பிலும் மண்டையிலும் பேஜெட் நோய் என்கிறார்கள். பழைய ஹெல்மெட் தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது, இடது காதும் மந்தம். கூகுளில் தேடினால் மார்பகப் புற்றுநோய் என்று வருகிறது. இது அவ்வளவு அபூர்வமா? உடம்பெல்லாம் பரவுமா?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: முதலில் கூகுளை மூடுங்கள். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் பெயரில் மார்பக நோய் ஒன்றும் எலும்பு நோய் ஒன்றும் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. 1877இல் அவர் எழுதி வெளியிட்ட எலும்பு நோயாளிக்கும் தொப்பி வருஷத்துக்கு வருஷம் பெரிதாகத் தேவைப்பட்டது. அப்பாவின் ஹெல்மெட் சங்கதியும் அதுதான். பழைய எலும்பு வேகமாக அரிக்கப்பட, புது எலும்பு தாறுமாறாக வளர்ந்து தடிக்கிறது.

அபூர்வமா என்றால், எந்த ஊர் என்று கேட்பேன். வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில் சில காலம் வேலை பார்த்தேன். உலகிலேயே இந்த நோய் மிகுந்த வட்டாரம் அது. அங்கே வயதானவர்களின் இடுப்பு எக்ஸ்ரேயில் இதைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். பிரிட்டனில் 55 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு உண்டு, இப்போது குறைந்துவருகிறது. பிரிட்டிஷ்காரர்கள் குடியேறிய ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் சகஜம். ஆனால் பிரிட்டனுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்வீடன், நார்வேயில் அரிது! பரம்பரையும் சேருகிறது, முழுக் காரணம் பிடிபடவில்லை. நம் நாட்டில் அரிதுதான், ஆனால் வேலூர், மும்பை மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தொந்தரவே இருக்காது என்பதால், கண்ணில் படாமல் போனவர்களும் இருப்பார்கள்.

அரிது என்பதால்தான் நான் ஒன்றை வற்புறுத்துவேன். இந்த வயது ஆணுக்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறினால், வைட்டமின் டி குறைவையும், பிராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். பிராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்தார்களா? இல்லையென்றால் செய்யச் சொல்லுங்கள்.

பரவுமா? பேஜெட் ஒரு எலும்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது. முதலில் பிடித்த எலும்புகளில்தான் பெரும்பாலும் நிற்கும். அங்கே வலி, வளைவு, முறிவு, பக்கத்து மூட்டில் தேய்மானம் வரலாம். கால் எலும்பில் இருந்தால் புறங்கையை வைத்துப் பாருங்கள், அந்தக் கால் மட்டும் சூடாக இருக்கும்; ரத்த ஓட்டம் அவ்வளவு. இடுப்பு மூட்டு ஆபரேஷன் வந்தால் ரத்தம் அதிகம் போகும் என்பதைச் சர்ஜனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மண்டை எலும்பு பாதித்தால் காது கேட்பது குறையும், சொட்டு மருந்து ஊற்றிப் பயனில்லை. செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் ஒன்று எடுத்துவையுங்கள். எலும்புப் புற்றுநோயாக மாறுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இருந்தும், ஒரே இடத்தில் வலி திடீரென்று கடுமையாகி வீக்கமும் வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

சிகிச்சைக்கு, எலும்பு அரிப்பைக் குறைக்கும் ஜோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம், ஒரே ஒரு டிரிப். பலருக்கு வருஷக்கணக்கில் நோய் அடங்கும். போன செவித்திறனும் வளைந்த எலும்பும் திரும்பாது. போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் பயப்படாதீர்கள். டிரிப்புக்கு முன் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எல்லாம் பார்க்க வேண்டும். அப்பாவுக்குப் பிடுங்க வேண்டிய பல் ஏதாவது இருந்தால், அதை முதலில் பிடுங்கி, புண் ஆறிய பிறகு டிரிப் போட்டுக்கொள்ளட்டும்.